200 அடி வேலிக்குள் 6 சென்ட் அடங்குமா? மனை வாங்குவோருக்கு உதவும் இருபடிச் சமன்பாடு

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரம் வரை நெடுஞ்சாலையில் போனால், மனைப் பிரிவு போர்டுகள் கண்ணில் படும். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டே, இந்தப் பக்கம் ஒரு மனை வாங்க நினைக்கிறீர்கள். பேச்சு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘ஆறு சென்ட் சார். நாலு பக்கமும் சேர்த்து 200 அடி வேலி போட்டா போதும்.’

இந்தக் கணக்கு இடிக்கிறது. மனையை நேரில் பார்க்காமலேயே அதைச் சொல்லிவிடலாம். எப்படி?

சென்ட் எவ்வளவு?

1 சென்ட் என்பது 435.6 சதுர அடி. அப்படியானால் 6 சென்ட், 2,613.6 சதுர அடி. சுற்றளவு 200 அடி என்றால் நீளமும் அகலமும் சேர்ந்து 100 அடி. அகலத்தை ‘அ’ என்று வைத்தால், நீளம் 100 − அ.

அ × (100 − அ) = 2,613.6

இதை மாற்றி எழுதினால்:

அ² − 100அ + 2,613.6 = 0

பத்தாம் வகுப்பில் படித்த அதே இருபடிச் சமன்பாடுதான். இதற்கு விடை உண்டா என்பதைத் ‘தன்மைகாட்டி’ சொல்லிவிடும். 100-இன் வர்க்கம் 10,000. அதில் இருந்து 2,613.6-இன் நான்கு மடங்கான 10,454.4-ஐக் கழித்தால் மைனஸ் 454.4. மைனஸ் வந்தால் மெய்யான விடை இல்லை. அதாவது, அப்படி ஒரு செவ்வக மனை உலகத்திலேயே இருக்க முடியாது!

போனிலேயே போடலாம்

சுற்றளவை 4-ஆல் வகுத்து, வர்க்கம் எடுங்கள். 200-ஐ வகுத்தால் 50. அதன் வர்க்கம் 2,500. நாலு பக்க மனை எந்த வடிவில் இருந்தாலும் இதற்கு மேல் பரப்பு வராது. சரியான சதுரமாக இருந்தால் மட்டுமே இந்த 2,500 கிடைக்கும்.

அதே 200 அடிக்குள் ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி என்றால்? 2,500-இல் 2,400 போக மிச்சம் 100. அதன் வர்க்கமூலம் 10. ஆக, 50-உடன் 10-ஐக் கூட்டினால் 60, கழித்தால் 40. மனை 60-க்கு 40. இந்த வழி புதிதல்ல. சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே இப்படி நில அளவுக் கணக்குகள் இருக்கின்றன.

பணத்தில் எவ்வளவு?

சதுர அடி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 6 சென்ட் என்று சொல்லி, கையில் கிடைப்பது 60-க்கு 40 மனை என்றால், 213.6 சதுர அடி குறைகிறது. 2,13,600 ரூபாய் இல்லாத மண்ணுக்குப் போகிறது.

கணக்கு சரியாக வந்தால் போதுமா?

போதாது. பக்க அளவுகள் மாறாமலேயே மனை சாய்ந்த வடிவில் இருந்தால், பரப்பு குறைந்துவிடும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று பார்த்துவிட்டு, மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். 60-க்கு 40 மனையில் இரண்டு மூலைவிட்டமும் ஏறக்குறைய 72.1 அடி வர வேண்டும். ஒன்று கூடி, மற்றொன்று குறைந்தால் மனை செவ்வகம் இல்லை.

நாலு பக்கத்துக்கு மேல் இருக்கும் மனைக்கு இந்த வரம்பு பொருந்தாது. அதை முக்கோணங்களாகப் பிரித்துத்தான் அளக்க வேண்டும்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருந்தால் குழம்ப வேண்டாம். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். பட்டா, பத்திரம், புல வரைபடம் மூன்றிலும் உள்ள அளவை ஒப்பிட்டு, சர்வேயரை வைத்து அளந்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.