புகையிலையின் இரு குலங்கள்

கீரிமலையின் நன்னீர்க் கேணியும் நகுலேசுவரத் திருக்கோயிலும் யாத்திரிகர் பலரும் அறிந்தவை. அவற்றுக்குத் தெற்கே, சுண்ணக்கல்லின் மேற் படிந்து கிடக்கும் வலிகாமத்துச் செம்மண், புகையிலைச் செய்கைக்குப் பேர்போனது. துலா மிதித்துக் கிணற்று நீர் இறைத்து முன்னோர் வளர்த்த யாழ்ப்பாணப் புகையிலை, கடல் கடந்து திருவிதாங்கூர் வரை விலைபோயிற்று. எனினும், இச்செடியின் வரலாறு கமத்தொழிலின் வரலாற்றினும் பன்மடங்கு பழையது. அவ்வரலாறு செடியின் கலங்களுக்குள்ளேயே பொதிந்து கிடக்கின்றது.

புகையிலையின் ஒவ்வோர் உடற்கலத்திலும் 48 நிறமூர்த்தங்கள் உள. தென் அமெரிக்காவிற் காடாய் வளரும் அதன் உறவினங்கள் இரண்டில் 24 நிறமூர்த்தங்களே காணப்படும். அவ்விரண்டனுள் நிக்கோற்றியானா சில்வெசுத்திரிசு என்பது தாய். நிக்கோற்றியானா தொமென்றோசிபோர்மிசு என்பது தந்தை. இவை கலந்து புகையிலை தோன்றி இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்படவில்லை என்பர் ஆராய்ச்சியாளர்.

வேற்றினங்கள் கலந்து பிறந்த செடி பெரும்பாலும் மலடாகும். தாயிடமிருந்து 12, தந்தையிடமிருந்து 12 ஆக வந்த நிறமூர்த்தங்கள் ஒன்றற்கொன்று இணையாகா. ஆதலின், மகரந்தமும் சூல்வித்தும் உருவாகும் ஒடுக்கற்பிரிவின்போது அவை சோடி சேராது தாறுமாறாகப் பிரிகின்றன. நிறமூர்த்தத் தொகுதி முழுவதும் இரட்டித்துவிடின், ஒவ்வொன்றுக்கும் தன்னையொத்த துணை கிடைக்கின்றது, மலடு நீங்குகின்றது. இக்கருத்தை 1917இல் வெளியிட்டவர் டென்மார்க்கு நாட்டறிஞர் விங்கே. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துக் கிளவுசனும் குட்சுப்பீடும் 1925இல் அதற்குச் சான்று காட்டினர். 24 நிறமூர்த்தங்களையுடைய நிக்கோற்றியானா குளூற்றினோசாவைப் புகையிலையோடு கலந்து, 72 நிறமூர்த்தங்கள் கொண்ட வளமான புதுச்செடியை அவர்கள் பெற்றனர்.

இரட்டித்தலோடு கதை முடிந்துவிடுவதில்லை. ஒரே தொழிலுக்கு இரு பரம்பரையலகுகள் இருக்கும் வீட்டில், ஒன்று பழுதுறினும் மற்றையது பணியைத் தாங்கும். ஆகவே, இழப்பும் மாற்றமும் தடையின்றி நிகழ இடமுண்டாகின்றது. புகையிலையின் பரம்பரைப் பொருள், பெற்றோர் இருவருடையதையும் கூட்டிய அளவினும் சற்றுக் குறைந்ததே. அக்குறைவும் இரு பக்கத்திலும் ஒப்ப நிகழவில்லை. தந்தைவழிப் பகுதியே மிகுதியாக இழக்கப்பட்டது. ஆய்வுகூடத்தில் அவ்விரு பெற்றோரையும் மீண்டும் கலந்து ஆக்கிய செடியில், நான்காந் தலைமுறையிலேயே தந்தைவழி மடக்குத் தொடர்கள் சில மறைந்தமை கண்டறியப்பட்டது. ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு உரியதென எண்ணப்பட்ட மாற்றம் ஒரு சில அறுவடைக் காலத்துள் தொடங்கிவிடுகின்றது என்க.

இலையின் இரசாயனத்திலும் இதன் விளைவு தெரிகின்றது. காட்டுப் பெற்றோர் இரண்டும் முதிரும் இலையில் நிக்கொற்றீனை நோர்நிக்கொற்றீனாக மாற்றுவன. அம்மாற்றத்தைச் செய்யும் நொதியங்களுக்குரிய அலகுகளைப் புகையிலை இருவழியாலும் பெற்றது. எனினும், தாய்வழி அலகு விகாரத்தாற் பழுதுற்றது. தந்தைவழி வந்தவற்றுள் ஒன்று அவ்வாறே பழுதுற, மற்றொன்று பழுதின்றியே செயலடங்கிக் கிடக்கின்றது. இதனாலேயே பயிர்ப் புகையிலையின் இலை நிக்கொற்றீன் மிக்கதாய் நிலைத்தது.

அடங்கிய அவ்வலகு சிற்சில செடிகளில் மீண்டும் விழித்தெழுவதுண்டு. அப்போது பெருகும் நோர்நிக்கொற்றீன், இலை பதனிடப்படுங்கால் புற்றுநோய் விளைக்கும் ஒரு நைத்திரசோ சேர்வையாக மாறும். அத்தகைய செடிகளை விதைப்பயிரிலிருந்து களைதல் மேலைநாடுகளில் வழக்கமாயிற்று. ஆயினும், களைந்தமையாற் புகையிலை தீங்கற்றதாகிவிடாது. சுருட்டுப் பற்றுவோரும், வெற்றிலையோடு புகையிலை மெல்வோரும் வாய்ப்புற்றுக்கு ஆளாதல் பலரும் அறிந்த துயரமே.

இரட்டித்த கலப்பினத்தால் நன்மையும் விளைந்ததுண்டு. குளூற்றினோசாச் செடியில் தேமல் நோயின் வைரசு புகுந்தவிடத்துச் சிறு புள்ளியளவில் இலை மடிந்து, நோய் அங்கேயே தடைப்படும். 72 நிறமூர்த்தங்களையுடைய அச்செடியைப் பாலமாகக் கொண்டு, அவ்வெதிர்ப்புத் திறனைப் புகையிலைக்குட் புகுத்தியமையை ஓம்சு என்பார் 1938இல் வெளியிட்டார். அதற்குரிய பரம்பரையலகு 1994இல் தனித்தெடுக்கப்பட்டது. காட்டுச் செடிகளைக் களையென்று புறக்கணித்திருப்பின் இது கைகூடியிராது.

கோதுமையும் பருத்தியும் கரும்பும் இவ்வாறு கலந்து பெருகிய குலங்களே. இரு குலத்துச் செல்வமும் ஒரு வீட்டிற் சேர்ந்தபின், எதை வைத்துக்கொள்வது, எதை அடக்குவது, எதை விடுவது என்பதைத் தலைமுறைகள் தீர்மானிக்கின்றன. செம்மண் தோட்டத்தில் நிற்கும் ஒரு செடியிலே இத்துணையும் அடங்கியிருத்தலை மாணவர் உணர்வாராயின், தாவரவியல் ஏட்டுக் கல்வியாய் நின்றுவிடாது. புகையிலைக்குப் பதிலாக இம்மண்ணில் எப்பயிரை வளர்ப்பது என ஆராயும் தலைமுறைக்கும் அவ்வறிவு பெரிதும் துணையாகும்.