எட்டு லட்சம் பேர் எங்கே போனார்கள்?

 தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் மொத்தம் எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 11,79,963 பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2001 கணக்கெடுப்பைப் புரட்டினால் இதே மாநிலத்தில் 16,42,497 பேர். இடைப்பட்ட பத்தாண்டில் மாநில மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு கோடி கூடியது. மாற்றுத்திறனாளிகள் மட்டும் நாலரை லட்சம் பேருக்கு மேல் குறைந்தார்கள். வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் விசித்திரம் இன்னும் கூடுகிறது. 2001இல் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 9,64,063 பேர். 2011இல் 1,27,405 பேர்தான். செவித்திறன் குறைபாடு உள்ளவர்களோ 72,636 பேரிலிருந்து 2,20,241 பேராக, மும்மடங்கு ஆகிவிட்டார்கள். இங்கே கண்புரை அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்துவந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் எட்டு பேரில் ஏழு பேரைப் பட்டியலிலிருந்து நீக்கும் அளவுக்கு எந்தச் சிகிச்சையும் நடக்கவில்லை. காது கேளாமை கொள்ளைநோயாகப் பரவவும் இல்லை.

மாறியது வரையறை. 2001இல் ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரையும் பார்வைக் குறைபாடு உள்ளவர் என்றே எழுதினார்கள். 2011இல் அவரை விட்டுவிட்டார்கள். 2001இல் காதொலிக் கருவி வைத்திருப்பவர் கணக்கில் வரவில்லை, 2011இல் வந்தார். ஐந்தாக இருந்த வகைகள் எட்டாயின. நாடு முழுவதும் இதே கதைதான்: பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 1.06 கோடியிலிருந்து சுமார் 50 லட்சமாகச் சரிந்தார்கள். அப்படியும் இந்தியாவின் மொத்த விழுக்காடு 2.13லிருந்து 2.21 ஆனது, அவ்வளவே. ஒரு பக்கம் ஆட்களை இறக்கி மறுபக்கம் ஏற்றியதில் மேலே தெரியும் எண் அசையாமல் நின்றது. அந்த அசையாத எண்ணைப் பார்த்துத்தான் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் இரண்டு விழுக்காடு என்று பாடப்புத்தகம் முதல் பட்ஜெட் பேச்சு வரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உலக சுகாதார நிறுவனமோ உலக மக்களில் ஆறு பேருக்கு ஒருவர் ஏதோவொரு குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்வதாக 2022இல் கணக்கிட்டது. இந்தியர்களின் உடல் உலகத்தார் உடலைவிட ஏழெட்டு மடங்கு உறுதியானதா என்ன?

கோளாறு கேள்வியிலேயே இருக்கிறது. 2011இல் கணக்கெடுப்பாளர் கேட்க வேண்டியிருந்தது இதுதான்: இவர் மனதளவிலோ உடலளவிலோ ஊனமுற்றவரா? ஆம் என்றால் எந்த வகை? வாசலில் நின்று ஒரு அந்நியர் இப்படிக் கேட்கும்போது, கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடு என்ன பதில் சொல்லும்? முழங்கால் தேய்ந்து வீட்டுப்படி இறங்க முடியாத எழுபது வயதுப் பாட்டியை அவருடைய மகனே ஊனமுற்றவர் என்று நினைப்பதில்லை; வயசாயிடுச்சு என்று முடித்துவிடுகிறார். ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழு இந்த முட்டுச்சந்தை வேறு வழியாகக் கடந்தது. அதன் ஆறு கேள்விகளில் ஊனம் என்ற பேச்சே கிடையாது. கண்ணாடி போட்டும் பார்ப்பதில் சிரமம் உண்டா, காது கேட்பதில், நடப்பதில் அல்லது படியேறுவதில், நினைவு வைத்துக்கொள்வதில் அல்லது கவனம் செலுத்துவதில், குளித்து உடுத்திக்கொள்வதில், பிறரிடம் பேசிப் புரியவைப்பதில் சிரமம் உண்டா? சிரமமே இல்லை, கொஞ்சம், நிறைய, முடியவே முடியாது என நான்கு பதில்கள். இந்தக் கேள்விகளைக் கேட்க மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை; கணக்கெடுக்க வரும் பள்ளி ஆசிரியருக்கு மூன்று நிமிடம் போதும்.

இலங்கை 2012 கணக்கெடுப்பில் சிரமங்களைக் கேட்கும் முறைக்கு மாறியது. ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 விழுக்காடு, அதாவது பதினாறு லட்சம் பேர் கணக்கில் வந்தார்கள். கொஞ்சம் சிரமம் என்றவர்களும் அதில் சேர்த்தி. ஆகவே அதை நம் 2.21 உடன் நேருக்கு நேர் வைப்பது நியாயமல்ல. இருந்தாலும் கோட்டை எங்கே போடுவது என்பதைத் தரவு கைக்கு வந்த பிறகு தீர்மானிக்க அந்த முறை இடம் தருகிறது. நம் முறையில் கோடு வாசற்படியிலேயே விழுந்துவிடுகிறது.

இப்படி எண்ணினால் தொகை வீங்கும், உதவித்தொகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் அரசு எங்கே போகும் என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணுவதையும் சலுகை தருவதையும் போட்டுக் குழப்புகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி சலுகைக்கு மருத்துவச் சான்றும் குறைந்தது 40 விழுக்காடு குறைபாடும் வேண்டும். கணக்கெடுப்பில் ஆம் என்று சொன்னதாலேயே யாருக்கும் அரசு வேலை கிடைத்துவிடாது. கணக்கெடுப்பின் பயன் வேறு: எந்த வட்டத்தில் பேச்சுப் பயிற்சியாளர் தேவை, எத்தனை பேருந்துகளுக்குத் தாழ்தளம் வேண்டும், எந்தப் பள்ளிக்குச் சைகைமொழி ஆசிரியர் வேண்டும் என்பதற்கு அதுதான் அடிப்படை. முதியவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிடுவார்கள் என்ற புகாரும் உண்டு. வரட்டுமே. சாய்தளம் இல்லாத தாலுகா அலுவலகப் படி எழுபது வயதுக்காரரையும் சக்கர நாற்காலிக்காரரையும் ஒரே மாதிரிதான் திருப்பி அனுப்புகிறது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. ஆறு கேள்விகளின் வலையில் மனநோய் சரியாகச் சிக்குவதில்லை. சிறு குழந்தைகளுக்கும் அவை பொருந்தா. இது உண்மை. அதனால்தான் வாஷிங்டன் குழுவும் யுனிசெஃபும் குழந்தைகளுக்கெனத் தனிக் கேள்வித் தொகுப்பை உருவாக்கின. 2016 சட்டம் ஏழு குறைபாடுகளை 21 ஆக விரித்தது. தலசீமியா, பார்க்கின்சன், அமிலவீச்சுக் காயம் எல்லாம் அதில் வருகின்றன. ஆறு கேள்விகள் இந்த 21ஐயும் பெயர் சொல்லிப் பிரிக்காது. அந்த வேலைக்குத் தனி மாதிரி ஆய்வு வேண்டும். கணக்கெடுப்பின் வேலை யாரையும் வாசலில் நழுவவிடாமல் இருப்பது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 கணக்குநாள். குறைபாடு பற்றிய கேள்வி எந்த வடிவில் வந்தாலும் சரி, கணக்கெடுப்பாளர் உங்கள் வீட்டில் அதைக் கேட்காமல் தாண்டினால் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால், உள்ளறையில் இருப்பவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.