ஐந்து குழியைப் புதுசுக்கு விடுங்க!

பழகின வேலைக்கு ஒரு குணம் உண்டு. கை தானாகச் செய்துவிடும், கண்ணுக்கு வேலை இருக்காது. வங்கியில் பயிர்க்கடன் விண்ணப்பம் நிரப்பும்போது "என்ன பயிர்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "போன வருஷம் போட்டதுதான் சார், அதையே எழுதிக்குங்க." அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடன் தலைக்கு மேல் இருக்கும்போது யாருக்குப் புதுசாகச் செய்யத் துணிவு வரும்?

ஓய்வுக்குப் பிறகு பாகூர் பக்கம் நானே மண்வெட்டி பிடித்தபோது ஒன்று புரிந்தது. ஒரே பயிர், ஒரே முறை என்று ஓடினால் சோர்ந்து போவது மண் மட்டுமில்லை, உழவன் மனசும்தான். அந்தச் சோர்வுதான் பிள்ளைகளிடம் "விவசாயமே வேணாம்பா" என்று சொல்ல வைக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். ஒவ்வொரு பட்டத்திலும், நிலத்தில் ஒரு சின்னத் துண்டில், இதுவரை செய்யாத ஒன்றைச் செய்து பாருங்கள். ஒரு காணி இருந்தால் ஐந்து குழி போதும். (வெளியூர் நண்பர்களுக்கு: எங்க புதுவைக் கணக்கில் 100 குழி ஒரு காணி. ஒரு காணி சுமார் 1.32 ஏக்கர். ஐந்து குழி என்றால் ஆறரை சென்ட்.)

மடகாஸ்கர் நாற்றங்கால்

இன்று நாம் செய்கிற ஒற்றை நாற்று நடவு எங்கிருந்து பரவியது? பிரான்சிலிருந்து 1961-ல் மடகாஸ்கர் தீவுக்குப் போன ஹென்றி தெ லொலானியே என்ற பாதிரியார், அங்குள்ள உழவர்களோடு சேர்ந்து நெல்லில் பல முறைகளைச் சோதித்து வந்தார். குத்துக்கு ஒரே நாற்று, சதுர நடவு, களையெடுக்கும் கருவி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். 1983-ல் மழை முறை தவறியது. நடவுக்கு நேரம் வந்தபோது கையில் இருந்ததில் ஒரு பகுதி 15 நாள் நாற்றுதான். அதையும் நட்டார்கள். அந்தப் பிஞ்சு நாற்றுதான் கொத்துக் கொத்தாகத் தூர் கட்டியது.

பார்த்ததை அவர் அப்படியே விடவில்லை. அடுத்தடுத்த பருவங்களில் இன்னும் இளம் நாற்றை நட்டுப் பார்த்தார். சோதித்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதவராக இருந்தால், 'ஏதோ நல்ல காலம்' என்று அதைக் கடந்து போயிருப்பார். புதுசைச் செய்து பழகின கண்ணுக்குத்தான் தற்செயலாக வந்தது பாடமாகத் தெரியும். ஏக்கருக்கு 25, 30 கிலோ விதை கொட்டிய இடத்தில் இன்று இரண்டு மூன்று கிலோவில் நடவு முடிகிறது என்றால், அது அப்படி வந்ததுதான்.

கூடப்பாக்கத்துக் கனகாம்பரம்

தீவுக்கெல்லாம் போக வேண்டாம், வில்லியனூர் கொம்யூனிலேயே கூடப்பாக்கம் இருக்கிறது. நாலாம் வகுப்பு வரை படித்த உழவர் வெங்கடபதி, கனகாம்பரத்திலும் சவுக்கிலும் புதுப்புது ரகங்களை உருவாக்கி 2012-ல் பத்மஸ்ரீ வாங்கினார். நாம் 'டெல்லி கனகாம்பரம்' என்று சொல்வது விதை கட்டாத செடி, குச்சி வெட்டி வைத்துத்தான் பெருக்க வேண்டும். அதில் புது ரகம் எடுப்பது லேசான வேலை இல்லை. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு கதிர்வீச்சு முறை வரைக்கும் போய்ப் பார்த்தவர் அவர். அந்த வழி இயற்கை வழி விவசாயத்துக்கு ஒத்து வருமா என்பது தனி விவாதம். பூக்கொல்லையில் நின்றுகொண்டு, "இதையே வேற மாதிரி பண்ணா என்ன?" என்று விடாமல் கேட்ட அந்த மனசைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கற்றலுக்கு ஒரு பங்கு

பாகூர் மண்ணுக்கு இது புதிதும் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர் செப்பேடு, இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. சோறு விளையும் நிலத்தில் படிப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நம்ம ஐந்து குழியும் அப்படித்தான்.

என் வயலில் ஒரு சம்பாவில் அந்தத் துண்டில் மாப்பிள்ளைச் சம்பா நட்டேன். புதுசு என்பதால் தினமும் போய்ப் பார்க்கத் தோன்றியது. போகிற வழியில் பழைய வயல் வரப்பு. வழக்கமாக வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கிற அந்த வயலில், இலைச்சுருட்டுப் புழு தலை காட்டிய அன்றைக்கே கண்ணில் பட்டுவிட்டது. வேப்பங்கொட்டைக் கரைசலோடு முடிந்தது. ஐந்து குழி கற்றுக் கொடுத்தது தொண்ணூற்றைந்து குழியைக் காப்பாற்றியது. இன்னொரு வருஷம் எள் போட்டோம், கோடை மழையில் பாதி அழுகிப் போச்சு. போனது ஒரு கைப்பிடி விதையும் நாலு நாள் வேலையும்தான். பேரப்பிள்ளைங்க இப்போ ஊருக்கு வந்தால் முதலில் கேட்பது, "தாத்தா, இந்தத் தடவை அங்க என்ன?"

புதுசு வேறு, சூதாட்டம் வேறு

ஈமு கோழி அலை அடித்தபோது இருந்த சேமிப்பையெல்லாம் அதில் போட்டு இழந்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். அதைப் புது முயற்சி என்று சொல்ல முடியாது, விளம்பரத்தை நம்பி மொத்தத்தையும் பணயம் வைத்தது அது. மாதாமாதம் ஆர்.டி. கட்டுகிற மாதிரி சிறுகச் சிறுக, விடாமல் செய்ய வேண்டும்.

நான் கடைப்பிடிக்கிற கணக்கு இது:

• இருபதில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். முழுசாகப் போனாலும் வீட்டு அரிசிக்குக் குறை வரக் கூடாது.

• ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். ரகம், இடைவெளி, கரைசல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

• கடனில் செய்யாதீர்கள். ஒற்றை நாற்று நடவானால் ஐந்து குழிக்குக் கால் கிலோ விதை நெல்லே தாராளம். மறைந்த நெல் ஜெயராமன் ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கேட்டாரே, அதே வழியில் பக்கத்து உழவரிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்கலாம்.

• ஒரு நோட்டு வையுங்கள். விதைத்த தேதி, மழை, பூச்சி, செலவு, விளைச்சல். நாலு வரி போதும்.

• பட்டம் தவறாமல் செய்யுங்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை, மூன்றிலும்.

நிலம் இல்லாதவர்களும் விட வேண்டாம். மாடித்தொட்டியில் ஒரு புதுக் கீரை, தெரியாத ஊரில் ஒரு பண்ணையைப் போய்ப் பார்ப்பது, வயசில் சின்னவரிடம் ஒரு கரைசல் கற்றுக்கொள்வது, எல்லாமே ஐந்து குழிதான்.

வர்ற சம்பாவுக்கு நாற்றங்கால் விடுவதற்கு முன்னால் உங்கள் துண்டு எது என்று முளைக்குச்சி அடித்து வையுங்கள். விளைந்ததோ விளையாததோ, பார்த்ததை நம் இதழுக்கு எழுதிப் போடுங்கள். உங்க ஐந்து குழி, படிக்கிற இன்னொருத்தருக்கு விதை.