பிக்கப் வண்டியில் குட்டி வீடு... அவலாஞ்சி குளிரில் தூங்க முடியுமா? ‘பாப்-அப் கேம்பர்’ மாற்றங்களில் எது சரி, எது ஆபத்து?

பிக்கப் வண்டி. பின்னாடி ஒரு பெட்டி. மலையில் ஓர் இடம் பார்த்து நிறுத்தினால் பெட்டியின் கூரை மேலே எழும்புது. உள்ளே படுக்கை, அடுப்பு, விளக்கு எல்லாம் ரெடி. ரீல்ஸில் இப்படி ஒரு வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. பார்த்ததும், ‘நாமளே ஒன்று செய்து ஊட்டிப் பக்கம் போய்விடலாமே’ என்று தோன்றுவது இயல்புதான்.

செய்யலாமா? செய்தால் ஆர்டிஓ பிடிப்பாங்களா? அவலாஞ்சி மாதிரி உறைபனி விழும் இடத்தில் இரவு தாங்குமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பாப்-அப் கேம்பர் என்றால் என்ன?

பிக்கப்பின் லோடு பாடிக்குள் ஏற்றி வைக்கும் ஒரு தாழ்வான அறைதான் இது. ஓடும்போது கூரை கீழே இறங்கியிருக்கும். நிறுத்தியபிறகு கூரையைத் தூக்கினால், சுற்றிலும் உள்ள கேன்வாஸ் துணி விரிந்து சுவராக நிற்கும். உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம்.

பெரிய கேரவனை விட இதில் என்ன லாபம்? உயரம் குறைவு என்பதால் காற்று வண்டியை அவ்வளவாகத் தள்ளாது. எடை கீழேயே இருப்பதால் கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும் பயமும் குறைவு. முக்கியமாக, வேண்டாதபோது பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வண்டியை வழக்கம்போல ஓட்டலாம்.

ஒரு சின்ன குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நம்ம ஊரில் ‘கேம்பர்’ என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது மஹிந்திரா பொலீரோ கேம்பர். அது இரட்டை கேபின் பிக்கப் ஒன்றின் பெயர், அவ்வளவுதான். அதில் படுக்கை கிடையாது.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பு நிறுவனம் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சி புத்தகத்துக்கும் பொருந்தாத வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது இது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் பிரிவு 182ஏ-யின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்தே விதிக்கலாம்.

‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனிங்க. கேபினை வெட்டியது ஒன்று, லோடு பாடியை நீட்டியது ஒன்று என்று தனித்தனியாகக் கணக்கு வரலாம்.

அப்போ கேரவனே கூடாதா? அப்படி இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன், மத்திய அரசின் வாகன வகைப் பட்டியலில் 2004-லிருந்தே இருக்கு. கேரவன் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்று சொல்லும் ஏஐஎஸ்-124 என்ற தரநிலையும் உண்டு. ஆனால் அது முறையான சோதனை, ஒப்புதல், ஆர்சி பதிவு என்று போகும் பாதை. வீட்டு வாசலில் வெல்டிங் வைத்து முடிக்கும் வேலை அல்ல.

அதனால் நீங்களே செய்யும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான்: பெட்டியைக் கழற்றி இறக்கினால் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்குமா? ‘இருக்கும்’ என்றால் நீங்கள் பெட்டிக்குள்தான் வேலை செய்கிறீர்கள். வண்டியை வெட்டியோ, வெல்டிங் வைத்தோ இருந்தால் அது வண்டியில் செய்த மாற்றம்.

கழற்றும் பெட்டி என்பதற்காக எல்லாம் சரி என்றும் ஆகிவிடாது. லோடு அனுமதித்த அளவைத் தாண்டி மேலேயோ, பக்கவாட்டிலோ, பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தால் பிரிவு 194-ல் ரூ.20,000 அபராதம் இருக்கு. ஓடும் வண்டியில் பெட்டிக்குள் யாரும் உட்காரவோ படுக்கவோ கூடாது. வேலையைத் தொடங்குமுன் உங்க ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்க. விபத்து நடந்தபிறகு ‘சொல்லாமல் மாற்றினீர்கள்’ என்று கிளெய்ம் நின்றுபோனால் நஷ்டம் நமக்குத்தான்.

எடை: முதலில் போட வேண்டிய கணக்கு

12 மி.மீ. பிளைவுட், 8-க்கு 4 அடி பலகை ஒன்று சுமார் 20 கிலோ வரும். நான்கு பலகை போட்டாலே 80 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும். 100 ஏஎச் லித்தியம் பேட்டரி என்றால் 12 கிலோ அளவில் முடியும்.

பெட்டியின் எடை, சாமான், ஆட்கள் எல்லாம் சேர்த்து ஆர்சி-யில் உள்ள மொத்த எடை வரம்புக்குள் வர வேண்டும். எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்க. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ‘இரண்டாவது கியரில் செல்லவும்’ என்று பலகை வைத்திருப்பது சும்மா இல்லை. எடை கூடக்கூட பிரேக் சூடாகும்.

கூரையில் சோலார் பேனல் வைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கணும். கார் டிக்கியைத் தாங்கி நிற்குமே, அதே மாதிரி கேஸ் ஸ்ட்ரட்தான் பெரும்பாலும் கூரையைத் தூக்குது. அது குறிப்பிட்ட எடைக்குத்தான் தாங்கும். கூடுதலாக பேனல், கேரியர் என்று ஏற்றினால் கூரை நள்ளிரவில் மெல்ல இறங்கும். எடை கூடினால் அதற்கேற்ற ஸ்ட்ரட் மாற்றணும்.

அவலாஞ்சி குளிர் என்ன செய்யும்?

அவலாஞ்சி சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். சில இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். அப்போது சமவெளியில் யோசிக்கவே வேண்டாத மூன்று விஷயங்கள் நடக்கும்.

*ஒன்று, கேஸ் அடுப்பு எரியாது.* டிரெக்கிங் போகிறவர்கள் வாங்கும் சின்ன பியூட்டேன் கேன் இருக்குல்ல? பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில்தான் ஆவியாகத் தொடங்கும். அந்தக் குளிரில் அது திரவமாகவே கிடக்கும். காலை டீ கிடைக்காது. புரொபேன் கலந்த கேன் ஓரளவு தாங்கும்.

*இரண்டு, பேட்டரி.* லித்தியம் பேட்டரியை பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகச் சேதமாகும். குளிரில் சார்ஜிங்கை நிறுத்தும் வசதி உள்ள பேட்டரியாகப் பார்த்து வாங்குங்க. பேட்டரியிலிருந்து கிளம்பும் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேணும். வயர் உரசித் தீப்பிடிப்பதைத் தடுப்பது அதுதான்.

*மூன்று, உள்ளே மழை பெய்யும்.* வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நாம் விடும் மூச்சில் உள்ள ஈரம், குளிர்ந்த கேன்வாஸிலும் அலுமினியத்திலும் பட்டு நீராகிச் சொட்டும். இரண்டு பேர் தூங்கி எழுந்தால் மெத்தையின் அடிப்பக்கம் வரை நனைந்திருக்கும். மெத்தைக்கு அடியில் காற்று போகிற மாதிரி மரச் சட்டம் வைப்பது நல்ல மாற்றம். மேலே ஒரு சின்ன ஃபேன், எதிர்ப்பக்கம் ஒரு காற்றுவழி இருந்தால் ஈரம் வெளியேறும்.

உயிரைப் பறிப்பது எது?

குளிருக்காக எல்லாரும் முதலில் செய்வது, ஓட்டைகளை அடைப்பதுதான். கேன்வாஸுக்கு உள்பக்கம் பபுள் ஷீட், ஜன்னலுக்கு தெர்மாகோல், கதவு இடுக்கில் ரப்பர். கதகதப்பு கூடும், சந்தேகமில்லை. ஆனால் காற்றும் நின்றுபோகும். அந்த நிலையில் உள்ளே எதையாவது எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கும். ஏற்கெனவே தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது.

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததுதான் காரணம் என்று நிபுணர்களின் ஆய்வில் தெரியவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொடைக்கானலில், பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இளைஞர்களில் இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை.

அதனால் இரண்டாவது கேள்வி: நான் தூங்கும்போது காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் வழி இருக்கா?

• கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு காற்றுவழிகள். குளிருது என்று இவற்றை அடைக்கவே கூடாது.
• கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர், ஜெனரேட்டர் எதுவும் உள்ளே வேண்டாம். சமையல் வெளியே. குளிருக்குக் கம்பளி, தூக்கப் பை, சுடுதண்ணீர் பை.
• தலைமாட்டருகே கார்பன் மோனாக்சைடு அலாரம்.
• கேஸ் சிலிண்டரைப் படுக்கும் இடத்தில் வைக்காதீங்க. எல்பிஜி காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதற்கான அலாரம் தரையை ஒட்டி இருக்கணும்.

சரி, அவலாஞ்சியில் எங்கே நிறுத்துவது?

காட்டுக்குள் முடியாது. அவலாஞ்சி சூழல் சுற்றுலா பகுதி வனத்துறை கட்டுப்பாட்டில் இருக்கு. நம்ம வண்டியை வெளியே விட்டுவிட்டு, வனத்துறை வாகனத்தில்தான் உள்ளே போகணும். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைந்து தங்குவது குற்றம். ஏரிக்கரையில் கூரையைத் தூக்கி நிறுத்தும் ரீல்ஸ் கனவு இங்கே நடக்காது. எமரால்டு, ஊட்டி பக்கம் உரிமம் பெற்ற விடுதி வளாகத்தில், உரிமையாளர் அனுமதியோடு நிறுத்துவதுதான் வழி.

தேயிலைத் தோட்டத்து ஓரமும் பாதுகாப்பு கிடையாது. காட்டெருமை, சிறுத்தை வரும் இடம். கோயில் விளக்கு எண்ணெயைத் தேடி கரடி கதவை உடைப்பது நீலகிரிக்காரர்களுக்குப் பழகிப்போன செய்தி. உங்க சுவர் வெறும் துணி. எண்ணெய், தின்பண்டம் எல்லாம் மூடிய டப்பாவில், வண்டியின் கேபினுக்குள் இருக்கட்டும்.

நீலகிரிக்குள் வர 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் இருந்தால் சோதனைச் சாவடியிலேயே எடுத்துவிடுவாங்க. மழைக்கால வானிலை எச்சரிக்கையையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்க. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய ஊர் அவலாஞ்சி.

முதல்முறை நேரே மலைக்குப் போக வேண்டாம். சொந்த வீட்டு வாசலில் ஓர் இரவு தூங்கிப் பாருங்க. எங்கே சொட்டுது, எது இறங்குது, காற்று எப்படி வருது என்று அங்கேயே தெரிந்துவிடும். பிரச்னை என்றால், கதவைத் திறந்து வீட்டுக்குள் போய்விடலாம்.