குறைந்த செலவில் குறும்படக் கருவிகள்

குறும்படம் எடுக்க விரும்பும் மாணவர்கள் பலர், கருவிகளின் விலையைக் கேட்டதும் அந்த ஆசையைக் கைவிட்டுவிடுகின்றனர். படம்பிடிக்கத் திறன்பேசி கையில் இருந்தாலும், முக்காலி, விளக்கு, ஒலிவாங்கி ஆகியவற்றை வாங்கப் பணம் போதுவதில்லை. இதனால், சொல்வதற்கு நல்ல கதை உள்ளவர்கள்கூடப் பின்வாங்கும் நிலை ஏற்படுகிறது. ஆயினும், ஒரு கருவி என்ன வேலையைச் செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், அதே வேலையைச் செய்யும் எளிய கருவி ஒன்றை வீட்டிலேயே உருவாக்கிவிடலாம்.

முதலாவதாக, படம் ஆடாமல் இருக்க வேண்டும். கையில் பிடித்த திறன்பேசி, மூச்சுவிடும்போதுகூட அசையும். இதைத் தடுக்க ஓர் அரிசிப் பை போதும். தடித்த துணியில் சிறிய பை ஒன்றைத் தைத்து, அதில் முக்கால் பங்கு அரிசியோ பச்சைப்பயறோ நிரப்பி, வாயைத் தைத்துவிட வேண்டும். முழுவதும் நிரப்பினால் பை இறுகிவிடும். சற்று இடம் விட்டால்தான் நாற்காலி, மதில், படிக்கட்டு என எங்கு வைத்தாலும் அவ்விடத்திற்கேற்பப் பை படியும். அதன்மேல் அழுத்தி வைக்கப்படும் திறன்பேசி அசையாமல் நிற்கும்.

நகரும் காட்சிகளுக்கு, தண்டவாளத்தின்மேல் ஓடும் வண்டியில் ஒளிப்பதிவுக் கருவியைப் பொருத்துவது வழக்கம். அதன் வேலை, கருவியைக் குலுங்காமல் நகர்த்துவதுதான். 1960ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிரெத்லெஸ்’ என்ற பிரெஞ்சுத் திரைப்படத்தில், ஒளிப்பதிவாளர் ரவுல் கூத்தார் சக்கர நாற்காலியில் அமர்ந்து படம்பிடித்தார். 1992இல் வெளிவந்த ‘எல் மரியாச்சி’ படத்தை இராபர்ட் ரொட்ரிகஸ் ஏறத்தாழ 7,000 அமெரிக்க டாலரில் படமாக்கினார். அவருக்கும் சக்கர நாற்காலியே நகரும் வண்டியாக உதவியது. சக்கரங்கள் உள்ள அலுவலக நாற்காலியைக் கொண்டு மாணவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். தரை வழவழப்பாக இருப்பதும், தள்ளுபவர் ஒரே வேகத்தில் தள்ளுவதும் முக்கியம்.

இரண்டாவது தேவை, நல்ல ஒளி. சிறிய விளக்கிலிருந்து நேராக விழும் ஒளி, முகத்தில் கூர்மையான நிழல்களை உண்டாக்கும். அதே ஒளி அகன்ற வெண்பரப்பில் பட்டுத் திரும்பினால் மென்மையாகிவிடும். 1956இல் வெளிவந்த சத்தியஜித் ராயின் ‘அபராஜிதோ’ திரைப்படத்தில் ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா இம்முறையைப் பயன்படுத்தினார். அரங்கினுள் அமைக்கப்பட்ட காசி நகர வீட்டு முற்றத்தின்மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்கொளியை அதன்மீது பாய்ச்சினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, திறந்த வானத்திலிருந்து வரும் வெளிச்சம் போலவே தோன்றியது.

இதே முறையை மாணவர்கள் ஒரு வெள்ளை மணிலா அட்டையைக் கொண்டு செய்யலாம். நடிப்பவரைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, வெளிச்சம் படாத பக்கத்தில் அட்டையைப் பிடித்தால், முகத்தின் இருண்ட பகுதி தெளிவடையும். ஒளி போதாவிட்டால், அட்டையின் மறுபக்கத்தில் அலுமினியத் தாளைக் கசக்கி, பின் விரித்து ஒட்டிக்கொள்ளலாம். கசங்கிய தாள் ஒளியைப் பல திசைகளில் சிதறடிக்கும். அதனால் கண்ணாடியில் பட்டதுபோல் ஒரே இடத்தில் ஒளி குவிந்து கண்ணைக் கூசச் செய்யாது.

மூன்றாவது, ஒலி. பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வர். வசனம் கேட்காவிட்டால் அவர்களால் கதையைத் தொடர முடியாது. ஒலிவாங்கி, பேசுபவருக்கு அருகில் இருப்பதே நல்ல ஒலிப்பதிவின் அடிப்படை. எனவே, மற்றொரு திறன்பேசியின் ஒலிப்பதிவுச் செயலியை இயக்கி, அதனை நடிப்பவரின் சட்டைப்பையில் வைக்கலாம். படப்பிடிப்புத் தொடங்கியதும் ஒருவர் பளிச்சென்று ஒருமுறை கைதட்ட வேண்டும். பின்னர்த் தொகுக்கும்போது, கைகள் சேரும் காட்சியையும் அந்த ஓசையையும் ஒரே நொடியில் பொருத்தினால், படமும் ஒலியும் இணைந்துவிடும். எதிரொலி மிகுந்த அறையில், படத்தில் தெரியாத இடங்களில் கனமான போர்வைகளைத் தொங்கவிட்டால் குரல் தெளிவாகப் பதிவாகும்.

இக்கருவிகளுக்கும் வரம்புகள் உண்டு. பலத்த காற்று வீசும் இடத்தில் சட்டைப்பைத் திறன்பேசி வசனத்தைச் சரியாகப் பதிவுசெய்யாது. அத்தகைய காட்சியை வீட்டிற்குள் நடப்பதாக மாற்றி எழுதுவதே நல்லது. பாதுகாப்பும் இன்றியமையாதது. சூடேறும் விளக்குகளின் அருகில் துணியையோ காகிதத்தையோ வைக்கக்கூடாது. படிக்கட்டுக்கு அருகிலும் சாலையிலும் நாற்காலியைத் தள்ளிப் படம்பிடிக்கக்கூடாது. பிறருடைய பொருளைப் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

விலையுயர்ந்த கருவிகள் வேலையை எளிதாக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால், அரிசிப் பையையும் மணிலா அட்டையையும் கொண்டு பழகிய மாணவர், படம் ஏன் ஆடுகிறது, நிழல் எங்கிருந்து விழுகிறது, குரல் ஏன் மங்குகிறது என்பவற்றை அறிந்திருப்பார். பிற்காலத்தில் எந்தக் கருவி கிடைத்தாலும் அந்த அறிவு கைகொடுக்கும். ‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்னும் பழமொழி, கதை சொல்லக் காத்திருக்கும் இளையோருக்கும் பொருந்தும்.