இணையதள முகப்பு சிதைக்கப்பட்டால் பழைய பிரதியை ஏற்றினால் மட்டும் போதாது

பாலக்காடு: 2015 செப்டம்பரில் கேரள அரசின் அதிகாரபூர்வ இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், அதன் முகப்பில் வேறு படமும் முழக்கமும் இட்டனர். பாலக்காடு எல்லையோர வணிகர்கள், மூணாறு, குமுளி விடுதியினர் நடத்தும் சிறு தளங்களுக்கும் இந்த அபாயம் உண்டு. புதுப்பிக்கப்படாத மென்பொருளும் எளிய கடவுச்சொல்லுமே பெரும்பாலும் இதற்கு வழிவிடுகின்றன.

சிதைந்த பக்கத்தை அழித்துவிட்டுக் காப்புப் பிரதியை உடனே ஏற்றுவது பலரின் வழக்கம். ஊடுருவியவர் மறைத்துவைத்த கோப்பு சர்வரில் எஞ்சியிருந்தால் மறுநாளே திரும்பி வருவார். தடயமும் அதற்குள் அழிந்திருக்கும். எனவே முதலில் தளத்தை நிறுத்தி, சர்வர் பதிவுகளைப் பிரதியெடுக்க வேண்டும். நுழைந்த வழியை அடைத்து, கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றிய பின்னரே தாக்குதலுக்கு முந்தைய பிரதியை ஏற்றலாம்.

மத்திய அரசின் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். சர்வர் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும்.