கடமை சுமந்த குடம்

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியை ஆண்ட இன்காக்களின் உர்ப்பு, அடி கூம்பிய மண்குடம். நீண்ட கழுத்து, விரிந்த வாய், வயிற்றின் கீழே இரண்டு காதுகள், தோளில் விலங்குத் தலை போன்ற குமிழ். காதுகளில் கயிறு கோத்துக் குமிழின்மேல் மாட்டி முதுகில் சுமப்பார்கள். அடி கூம்பியிருப்பதால் நிறைகுடத்தையும் எளிதில் சாய்த்து ஊற்றலாம். பெரியவை ஒரு மீட்டர் உயரத்தையும் தாண்டும். உள்ளே சிச்சா: முளைகட்டிய மக்காச்சோளத்தைக் காய்ச்சிப் புளிக்கவைத்த மது.

இன்கா அரசில் நாணயம் கிடையாது. சாலை போடவும் வயல் உழவும் குடிமக்கள் முறைவைத்து வந்தார்கள். உழைத்தவர்களுக்கு உணவும் சிச்சாவும் தருவது அரசின் கடமை. அதற்காக, அரசு தேர்ந்தெடுத்த அக்லா பெண்கள் மது காய்ச்சினார்கள். பெருவின் மலைநகரான உவானுக்கோ பாம்பாவைத் தொல்லியலாளர் கிரெய்க் மோரிஸ் அகழ்ந்தபோது, பெருஞ்சதுக்கத்தை ஒட்டிய கட்டடங்களில் இத்தகைய குடங்களின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. எக்குவடோர் முதல் சிலி வரை, அரசு போன இடமெல்லாம் இதே வடிவம் போனது. குடிக்கும் குவளைகளை இணையாகவே செய்தார்கள்: ஒன்று கொடுப்பவருக்கு, மற்றது பெறுபவருக்கு.

1532-இல் காஹமார்க்காவில் இன்கா அரசர் அதாவால்பா ஸ்பானியரிடம் சிறைப்பட்டார். பேரரசு சரிந்ததும் ஆயிரக்கணக்கானோருக்கு ஊற்றிக் கொடுக்கும் கடமையும் மறைந்தது. குடத்துக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று.

இன்று, இன்காக்களின் தலைநகராயிருந்த கூஸ்கோ வட்டாரத்தில் வாசலில் நீண்ட கழியும் அதன் நுனியில் சிவப்பு பிளாஸ்டிக்கும் தெரிந்தால் உள்ளே சிச்சா தயார். பல கடைகளில் அது பிளாஸ்டிக் பீப்பாயில் புளிக்கிறது, பெரிய கண்ணாடித் தம்ளரில் வருகிறது. இன்கா நகரமான மச்சு பிச்சுவிலிருந்து அமெரிக்க ஆய்வாளர் ஹைரம் பிங்காம் யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன, இத்தகைய குடங்கள் உள்ளிட்ட பொருள்கள், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் பெருவுக்குத் திரும்பி, கூஸ்கோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பயணிகள் வாங்குவதற்குச் சிறு உர்ப்புகளையும் குயவர்கள் வனைகிறார்கள்.

அரசு விட்ட கடமையை ஊர் விடவில்லை. அய்னி என்னும் கைமாற்று உழைப்பு முறைப்படி வயலில் கைகொடுக்க வந்தவர்களுக்கு வயல்காரர் வீட்டார் சிச்சா தருகிறார்கள். முதல் துளிகள் பாச்சமாமா என்னும் நிலத்தாய்க்கு. ஆனால், காசுக்கு வாங்கும் பாட்டில் பீர் அந்த இடத்தையும் பிடித்து வருகிறது. வீட்டில் காய்ச்சிய சிச்சாவில் உபசரிப்பவரின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. உழைப்புக்கு உழைப்பால் நன்றி சொல்வது அது. குடத்தைக் காக்க அருங்காட்சியகம் போதும். அந்த நன்றி நிலைக்க மலைச்சரிவின் மக்காச்சோள வயல்களும் சிச்சா காய்ச்சும் பெண்களின் தொழிலும் பிழைக்க வேண்டும். நம் அக்கறை முதலில் சேர வேண்டிய இடம் அதுதான்.